மாந்தளிர் நிறமும் ஒரு குளியல் பொடி லேபிளும்

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு சந்தில் இருக்கும் ஃபிளெக்ஸ் கடையில் என் அக்கா மகள் டிசைனராக வேலை பார்க்கிறாள். சேலத்தில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. முகூர்த்த மாதம் வந்துவிட்டால் கடையில் நிற்க இடமிருக்காது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று வரிசை கட்டி நிற்கும். எல்லாவற்றையும்விட அதிகமாக வருவது மஞ்சள் நீராட்டு விழா பேனர்தான்.

ஒரு நாள் சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு போகக் காத்திருந்தேன். ஓர் அம்மா தன் மகளோடு வந்தார். பத்துக்கு எட்டு பேனர் வேண்டும். செல்போனில் இருந்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கவுண்டரைத் தாண்டித் திரையை எட்டிப் பார்த்து, "புள்ள மூஞ்சிய மட்டும் கொஞ்சம் கலராக்கிக் குடு கண்ணு" என்றார். பக்கத்தில் நின்ற அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயசிருக்கும். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்து கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் அக்கா மகள் முகத்தை மட்டும் செலக்ட் செய்தாள். படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கர்வ்ஸைத் திறந்து கோட்டை நடுவில் பிடித்து மேலே இழுத்தாள். முகம் வெளுத்தது. கழுத்து அப்படியே இருந்தது. வளையல் போட்ட கை வேறொரு நிறமாக இருந்தது. அந்த அம்மாவுக்குத் திருப்தி. பணம் கட்டிவிட்டுப் போனார்கள். வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "சித்தி, ஒரு நாளைக்கு இருபது தடவை இந்த வார்த்தையக் கேக்கறேன். காலேஜ்ல நான் பண்ண புராஜெக்ட் என்னன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. கடைசி வருஷத்தில் அவள் செய்தது பெண்கள் முன்னேற்றத்தை அழகோடு சேர்த்துப் பேசுகிற ஒரு விளம்பரப் பிரசாரம். பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் குளியல் பொடி செய்கிற மகளிர் குழுவுக்காக லேபிளும் போஸ்டரும் வடிவமைத்தாள். அந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்ததிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இப்படிப்பட்ட பிரசாரம் உண்மையானதா என்பதை அதன் வாசகத்தை வைத்துச் சொல்ல முடியாது. யார் முகத்தை எடுத்தார்கள், எடுத்த முகத்தை என்ன செய்தார்கள், செய்வதற்கு முன் அந்த முகத்துக்குச் சொந்தக்காரியைக் கேட்டார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த மூன்றும் நடப்பது டிசைனரின் மேஜையில். அதனால் இந்தக் கதையை அந்த மேஜையிலிருந்தே சொல்லப் பார்க்கிறேன்.

அழகையும் பெண் விடுதலையையும் ஒரே விளம்பரத்தில் கட்டிப் பேசும் வழக்கத்துக்கு இன்று எல்லோரும் காட்டுகிற முன்னுதாரணம் டவ் சோப்பு. யூனிலீவர் நிறுவனம் 2004ல் 10 நாடுகளில் 3,200 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. தன்னை அழகானவள் என்று சொல்லிக்கொண்டவர்கள் அதில் 2 சதவீதம் பேர்தான். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஓகில்வி விளம்பர நிறுவனம் 'உண்மையான அழகு' என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. மாடல்களுக்குப் பதிலாகச் சாதாரணப் பெண்கள் வந்தார்கள். 90 வயதைத் தாண்டிய ஒரு பாட்டியின் முகத்தைப் பெரிதாகப் போட்டு, சுருக்கமா, அற்புதமா என்று இரண்டு கட்டங்களை வைத்து, மக்களையே டிக் செய்யச் சொன்னார்கள். டிசைன் என்று பார்த்தால் அது மிக எளிமையானது: ஒரு முகம், இரண்டு கட்டம், நிறைய வெள்ளை இடம். முடிவைப் பார்ப்பவர் கையில் விட்டதுதான் அதன் பலம்.

அதற்கப்புறம் 2006ல் வந்த ஒரு நிமிஷத்துச் சொச்சப் படம்தான் டிசைன் வகுப்புகளில் இன்றுவரை காட்டப்படுகிறது. ஒரு பெண் வந்து உட்காருகிறாள். விளக்கு, மேக்கப், தலைமுடி எல்லாம் ஆகின்றன. பிறகு அந்தப் படம் கணினிக்குப் போகிறது. அங்கே கழுத்து நீள்கிறது, கண் பெரிதாகிறது, தோள் இறங்குகிறது. முடிவில் அது ஒரு விளம்பரப் பலகையாகி ரோட்டோரம் நிற்கிறது. நம் அழகு எண்ணம் திரிந்துபோனதில் ஆச்சரியம் என்ன என்று கேட்டு முடிகிறது படம். 2007ல் கான் விளம்பர விழாவில் இரண்டு பெரும் பரிசுகளை அது வாங்கியது. அக்கா மகள் வகுப்பில் அதைப் போட்டுக் காட்டியபோது, அழகு பற்றிய செய்தியைவிட அவளை உலுக்கியது வேறொன்று. அந்தப் பெண்ணின் கழுத்தை இழுத்து நீட்டுகிற கர்சர் யாருடையது என்று படத்தில் கடைசிவரை தெரியாது. "அது நான்தானே சித்தி, நாளைக்கு" என்றாள்.

அந்தப் பிரசாரம் பல கேள்விகளையும் கிளப்பியது. நீ இருக்கிறபடியே அழகு என்று சொல்லிவிட்டு, அமெரிக்காவில் அவர்கள் அந்த விளம்பரத்தை வைத்து விற்றது தோலை இறுக்கமாக்கும் கிரீம். 2008ல், படங்களில் ஒன்றுகூடத் திருத்தப்படவில்லை என்று எல்லோரும் நம்பியிருந்த நேரத்தில், புகழ்பெற்ற படத்திருத்தக் கலைஞர் ஒருவர் தான் அதில் வேலை செய்ததாகப் பேட்டியில் சொன்னதாக ஒரு பத்திரிகை எழுதியது. தூசி நீக்கியதும் நிறத்தைச் சரிசெய்ததும் மட்டும்தான் நடந்தது என்று நிறுவனம் விளக்கம் தந்தது. நிறத்தைச் சரிசெய்வது என்ற அந்த வார்த்தைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது எங்கள் சந்தில் இருக்கும் ஃபிளெக்ஸ் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

2017ல் நடந்ததை டிசைன் படிக்கிற பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டவ் ஃபேஸ்புக்கில் போட்ட சில விநாடி விளம்பரம் அது. ஒரு கறுப்பினப் பெண் தன் பனியனைக் கழற்றுகிறாள். அதற்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வருகிறாள். அந்தப் பெண்ணும் கழற்றியதும் மூன்றாவதாக வேறொரு பெண் வருவாள். எல்லா நிறமும் ஒன்றுதான் என்று சொல்ல நினைத்து எடுத்திருக்கிறார்கள். ஆனால் முதல் இரண்டு காட்சிகளை மட்டும் வெட்டி வைத்துப் பார்த்தால், குளித்ததும் கருப்பு போய்விட்டது என்றுதான் படித்துக்கொள்ள முடியும். உலகம் முழுக்க அப்படியே படித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எந்தப் படம் முன்னால், எந்தப் படம் பின்னால் என்ற ஒரு சின்ன முடிவுதான் அதற்குக் காரணம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். அதே யூனிலீவரின் இந்தியக் கிளை 1975 முதல் இங்கே விற்று வந்த கிரீம் ஃபேர் அண்ட் லவ்லி. என் வயதுக்காரர்கள் வீட்டில் கண்ணாடி அலமாரியில் அந்த டியூப் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. அதன் பெட்டியில் ஒரே பெண்ணின் முகம் வரிசையாக இருக்கும். ஒரு பக்கம் கருத்தும் போகப்போக வெளுத்தும். அதுவும் தன்னைப் பெண்கள் முன்னேற்றம் என்றுதான் சொல்லிக்கொண்டது. கிரீம் பூசிய பெண்ணுக்கு வேலை கிடைக்கும், மைக் கிடைக்கும், அப்பாவிடம் மரியாதை கிடைக்கும். ஒரே நிறுவனம் ஒரு நாட்டில் இருக்கிறபடியே அழகு என்றும், இன்னொரு நாட்டில் வெளுத்தால்தான் வாழ்வு என்றும் சொன்னது. இரண்டு விளம்பரங்களிலும் தன்னம்பிக்கை என்ற அதே சொல்.

இதை எதிர்த்து எழுந்த குரல்களில் முக்கியமானது சென்னையில் கிளம்பியது. 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 2009ல் கருப்பும் அழகே என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. 2013ல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமாக வந்தபோது நாடெங்கும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் சிவப்பழகு விளம்பரங்களுக்கு விதிமுறை வகுத்தது. கருத்த தோல் உள்ளவரைச் சோகமாகவோ தாழ்வாகவோ வேலைக்கோ கல்யாணத்துக்கோ லாயக்கில்லாதவராகவோ காட்டக் கூடாது; முன், பின் படங்களில் கிரீமின் பலனைக் கணினி வேலையால் மிகைப்படுத்தக் கூடாது. அப்புறம் 2020ல், அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் வெடித்த கோடையில், ஃபேர் என்ற சொல் கழன்று கிரீம் குளோ அண்ட் லவ்லி ஆனது. பெயர் மாறியது பெரிய விஷயம்தான். ஆனால் எங்கள் ஊர் மளிகைக் கடையில் இன்னும் பழைய பெயர் சொல்லித்தான் கேட்கிறார்கள். கடைக்காரரும் எடுத்துக் கொடுக்கிறார்.

ஃபிளெக்ஸ் கடைகளுக்கு எந்த மன்றமும் விதி வகுக்கவில்லை. மாவட்டத்தில் ஒவ்வொரு பெண்ணின் முகமும் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை அங்கே போய்த்தான் வெளுத்து வருகிறது. ஏன் இப்படி என்று கேட்டால் கடையில் முதலில் சொல்லும் பதில் தொழில் சம்பந்தப்பட்டது: "பிரிண்ட்ல டல்லடிக்கும், ஏத்தித்தான் குடுக்கணும்." இதில் பாதி உண்மை இருக்கிறது. திரை தானே ஒளி விடும். ஃபிளெக்ஸ் துணி வெளிச்சத்தை வாங்கித்தான் காட்டும். அச்சில் மை கொஞ்சம் பரவும். நிழலான பகுதிகள் அடைத்துக்கொள்ளும். மாநிறத் தோலின் நிறங்கள் பெரும்பாலும் அந்த நடு, நிழல் பகுதிகளில்தான் இருப்பதால், வெள்ளைத் தோலைவிட அதற்குத்தான் சேதம் அதிகம். அதனால் கொஞ்சம் ஏற்றிக் கொடுப்பது கைப்பக்குவம். அதைத் தப்பு சொல்ல முடியாது.

எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் கதை மாறுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினாள். அச்சுக்கு நான்கு மை: சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. திரையில் இருந்த என் படத்தில், கன்னத்தின் மேல், நிறத்தை அளந்து காட்டும் ஐட்ராப்பரை வைத்தாள். மஞ்சளும் மெஜந்தாவும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன, மஞ்சள் ஒரு பிடி கூட. அதற்குக் கீழே சயான், அதற்கும் கீழே கொஞ்சம் கருப்பு. "இந்தக் கடைசி ரெண்டுதான் சித்தி உங்க மூஞ்சிக்கு உருவம் குடுக்குது. மூக்கு மூக்கா தெரியறது, கன்னம் மேடா தெரியறது எல்லாம் இதாலதான். கடையில முதல்ல வெட்டறது இந்த ரெண்டையும்தான்." வெட்டிக் காட்டினாள். என் முகம் வெளுத்தது, கூடவே தட்டையானது. சுண்ணாம்பு அடித்த சுவரில் கண்ணும் பொட்டும் வரைந்தது போல இருந்தது. பிறகு தோலை வழவழப்பாக்கும் வேலையையும் சேர்த்தாள். என் அம்மாவிடமிருந்து எனக்கு வந்த, உதட்டோரத்து மடிப்பு காணாமல் போனது. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வை இன்னும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. யாரோ வீட்டுக்குள் வந்து அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்ட மாதிரி.

இந்தச் சாய்வு நம் கடைகளில் பிறந்ததும் இல்லை. கலர் ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஸ்டூடியோக்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். ஷெர்லி அட்டை என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி என்று பொருள். உலகத்தின் மற்ற எல்லாத் தோல்களும் அவளை அளவுகோலாக வைத்துத்தான் பல ஆண்டுகள் அச்சாயின. சாக்லேட், மரச்சாமான் விளம்பரங்களில் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று வியாபாரிகள் புகார் சொன்ன பிறகுதான் ஃபிலிமில் பழுப்புக்கு இடம் கூடியது என்பது வருத்தமான வரலாறு. பல நிறப் பெண்கள் இருக்கும் அட்டைகள் வந்தது 1990களில். இன்றைய செல்போனில் ஷெர்லி இல்லை. ஆனால் கேமராவைத் திறந்ததும் பியூட்டி மோடு தானாகவே ஓடிக்கொண்டிருக்கும் போன்கள் இருக்கின்றன. நாம் கேட்காமலேயே, படம் எடுக்கிற நொடியிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

நம் பேச்சையும் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். 'பொண்ணு கலரா இருக்கா' என்றால் வெளுப்பாக இருக்கிறாள் என்று அர்த்தம். அப்படியானால் கருப்பும் மாநிறமும் நிறமே கிடையாதா? நிறம், கலர் என்ற பொதுச் சொற்களை வெளுப்புக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டோம். இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. சங்கப் பாடல்களில் தலைவியின் மேனி அழகுக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் நிறம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். தலைவன் பிரிந்து போனால் அந்த மாமை போய் உடம்பில் பசலை படரும்; மேனி வெளிறும். மேனி வெளிறுவது அங்கே நோய், இழப்பு. இன்று பெட்டியில் அடைத்து விற்கும் வெளுப்பைப் பார்த்தால் அந்தப் பெண்கள் பயந்துபோவார்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு மாந்தளிரை விளக்க வேண்டியதில்லை. சந்தூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் தோப்புதான். துளிர் விடும்போது ஒரு மரத்திலேயே எத்தனை நிறம்! புதுத் துளிர் செம்பும் ஒயினும் கலந்த மாதிரி பளபளக்கும். ரெண்டு நாள் போனால் தேன் நிறம், அப்புறம் வெளிர்ப்பச்சை, கடைசியில் கரும்பச்சை. அக்கா மகள் தன் புராஜெக்டுக்கு நிறங்களை அங்கிருந்துதான் எடுத்தாள். சந்தூர் பக்கம் எங்கள் சொந்தக்காரர் தோப்பில் துளிர்களைப் பறித்து வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துப் படம் எடுத்தாள். குழுப் பெண்களைப் படம் எடுத்தபோதும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துளிரைக் கொடுத்துக் கன்னத்தோரம் பிடிக்கச் சொன்னாள். அச்சில் துளிர் துளிராக வந்தால் முகமும் முகமாக வந்திருக்கிறது என்று அவளுக்குக் கணக்கு. ஷெர்லி அட்டைக்கு அவள் கண்டுபிடித்த மாற்று அது.

இனி, பெண்கள் முன்னேற்றம் என்கிற சொல்லுக்கு வருகிறேன். வேறு எந்த ஊரில் வேண்டுமானாலும் விளம்பரக்காரர்கள் அதை விருப்பப்படி எடுத்துப் போடலாம். தருமபுரியில் போடும்போது யோசிக்க வேண்டும். 1989 செப்டம்பரில் ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுத் திட்டத்தை முதலில் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரிக்குள் இருந்தது. 2004ல்தான் தனி மாவட்டமானது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஒரு குழு. வாராவாரம் கூட்டம், சிறு சேமிப்பு, உள்கடன், ஒரு தீர்மான நோட்டு. கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போடக் கற்றதும், வங்கி வாசலை மிதித்திராத பெண்கள் மேலாளர் எதிரே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அந்த நோட்டிலிருந்து தொடங்கியவை. பிறகு 1990களின் கடைசியில் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவியது.

இங்கே யோசிக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கசப்பானது. இதே மண்ணில் பெண் சிசுக்கொலை நடந்தது. 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கி, பின்னர் தருமபுரிக்கும் வந்தது. 2001 கணக்கெடுப்பில், இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள் 6 வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 826 பேர்தான். 2011ல் அது 910ஐத் தாண்டியது. எழுத்தறிவில் அப்போதும் மாநிலத்திலேயே கடைசி இடம் எங்களுக்குத்தான். குழந்தைத் திருமணங்கள் அதிகம் பிடிபடும் மாவட்டங்களில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் இன்றும் உண்டு. மஞ்சள் நீராட்டு விழா பேனரில் பன்னிரண்டு வயசுப் பிள்ளையைக் கல்யாணப் பெண் போலச் சிங்காரித்து வெளுக்க வைத்து நிறுத்தும்போது, அந்தப் படம் எதற்கு முன்னோட்டமாக நிற்கிறது என்று எனக்கு வயிறு கலங்கும். பிறக்கவே போராட வேண்டியிருந்த ஊர்ப் பெண்களிடம் போய், இந்தக் கிரீமில் உன் விடுதலை இருக்கிறது என்று சொல்வதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

அதற்காக அழகே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழகுத் தொழிலில் எத்தனை பெண்களின் சோறு இருக்கிறது! ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் அழகுக்கலைப் பயிற்சி முடித்து, வீட்டு முன்னறையில் கண்ணாடியும் நாற்காலியும் போட்டுப் பார்லர் நடத்தும் பெண்களை அரூரிலும் பென்னாகரத்திலும் பார்க்கலாம். விடியற்காலையில் ஓசூர், போச்சம்பள்ளி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்களில் ஏறுகிற பிள்ளைகள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். தன் சம்பளத்தில் வாங்கிய லிப்ஸ்டிக் அது. 2021ல் ஓலா நிறுவனம் தன் போச்சம்பள்ளி மின்சார ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று அறிவித்தபோது ஊரில் அது எவ்வளவு பேச்சானது! அந்தப் பிள்ளைகளைத்தான் இப்போது எல்லா விளம்பரங்களும் குறி வைக்கின்றன. அலங்கரித்துக்கொள்ளும் ஆசை அவர்களுடையது. அதில் குறை ஒன்றும் இல்லை. நீ இப்போது இருக்கிற முகம் போதாது என்று சொல்லி அந்த ஆசையைக் கிளப்பும்போதுதான் கோளாறு.

குளியல் பொடி கதைக்கு வருகிறேன். குழுவில் எட்டுப் பேர் அந்தத் தொழிலில் இருந்தார்கள். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ஓசூர்ப் பக்கமிருந்து வரும் ரோஜாவின் காய்ந்த இதழ். அரைத்து, சலித்து, பாக்கெட்டில் அடைப்பார்கள். பழைய லேபிளில் இணையத்திலிருந்து எடுத்த ஒரு வடநாட்டு மாடலின் முகம் இருந்தது. கீழே 'கருமை நீங்கி முகம் பளிச்சிடும்' என்று ஒரு வரி. அதை எடுத்துவிடலாம் என்று அக்கா மகள் சொன்னதும் குழுவை வழிநடத்தும் ஊக்குநர் அக்கா முகம் மாறிவிட்டது. "நிறம் கூடும்னு போடலன்னா யாரு கண்ணு வாங்குவா? நீ படிச்ச புள்ள, உனக்கென்ன. நாங்க வித்தாத்தான பணம்."

புராஜெக்டில் மிகக் கஷ்டமான நாள் அதுதான் என்று அவள் சொல்வாள். அந்த அக்கா சொன்னதிலும் நியாயம் இருந்தது. முன்னேற்றத்தின் பேரில் அவர்கள் விற்பனையைக் கெடுக்கும் உரிமை டிசைனருக்கு யார் கொடுத்தது? வாதம் செய்யாமல் அவள் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்: "நீங்க இந்தப் பொடிதான பத்து வருஷமா போடறீங்க? நிறம் கூடிச்சா?" யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓர் அக்கா, "நிறமெல்லாம் கூடல. ஆனா வேர்வ நாத்தம் இருக்காது. மேலு மெத்துனு இருக்கும். சோப்பு போட்டா இழுக்குமே, அந்த இழுப்பு இருக்காது" என்றார். அக்கா மகள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். புது லேபிளில் வந்த வாசகம்: 'மேல் மெத்தென்று இருக்கும். இழுக்காது.' முன்னேற்றம், தன்னம்பிக்கை, உன் அழகை நீ உணர் என்று ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதிய வாசகங்கள் எத்தனையோ பார்த்துவிட்டோம். 'மேல்' என்று உடம்பைச் சொல்கிற ஊர்ப்பேச்சு ஒரு லேபிளில் ஏறியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லேபிள் என்றால் முகமும் வாசகமும் மட்டும் இல்லை என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பூசுகிற பொருளைத் தயாரித்து விற்க உரிமம் வேண்டும். 2020ன் அழகுசாதனப் பொருள் விதிகள் அதைச் சொல்கின்றன. தயாரிப்பவர் பெயர், முகவரி, தொகுதி எண், எதுவரை பயன்படுத்தலாம், உரிம எண், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் படிக்கிற அளவில் இருக்க வேண்டும். இவற்றைப் பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் ஒதுக்குவது கடை வழக்கம். அவள் இவற்றை முன்பக்கத்துக்கே கொண்டுவந்தாள். தயாரிப்பவர் என்ற இடத்தில் எட்டுப் பெண்களின் பெயர்கள், பாமினி காலத்து வளைவு நெளிவு எழுத்துரு எதுவும் இல்லாமல், தெளிவான எழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக. செய்தவர்கள் பெயர் சோப்பிலோ கிரீமிலோ எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

படம் எடுத்தது ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, ஊக்குநர் அக்கா வீட்டுத் திண்ணையில். வெயில் ஏறுவதற்கு முன்னால் இருக்கும் வெளிச்சம் மாநிறத்துக்கு இதமானது. உச்சி வெயிலில் எடுத்தால் நெற்றி பளிச்சென்றும் கண்குழி இருட்டாகவும் வரும். ஒரு பக்கம் வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடித்தார்கள், வெளிச்சம் திரும்பி முகத்தில் விழ. போனில் பியூட்டி மோடை அணைத்தாள். மேக்கப் போடட்டுமா என்று கேட்டவர்களிடம், விசேஷத்துக்குப் போனால் எப்படிப் போவீர்களோ அப்படி வாருங்கள் என்றாள். அதனால் பட்டுப்புடவையும் வந்தது, பவுடரும் வந்தது, கனகாம்பரமும் வந்தது. கணினியில் அவள் செய்தது அச்சுக்கு வேண்டிய அளவுக்கு நடுநிறத்தை ஏற்றியது மட்டும். முகத்தைத் தனியாகப் பிரிக்கவில்லை. கழுத்தும் கையும் முகத்தோடு சேர்ந்தே ஏறின. சோதனைக்கு ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண் என்று கேட்டும் பார்த்தாள். வந்தவள் எங்கள் ஊரில் யாரைப் போலவும் இல்லை. பல்லும் தோலும் ஒரே வெண்மையில் மின்னின. 2024ல் டவ் நிறுவனம் தன் விளம்பரங்களில் நிஜப் பெண்களுக்குப் பதிலாக அப்படிப்பட்ட உருவங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி சொன்னது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன்.

படத்தை லேபிளில் போடுவதற்கு முன் சம்மதம் வேண்டும். கல்லூரியில் ஆங்கிலத்தில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். அதை மொழிபெயர்த்து நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், ஆனால் என்ன போட்டோம் என்று தெரியாது. படம் கடைக்குப் போகும், கடையிலிருந்து முன்பின் தெரியாதவர் வீட்டுக்குப் போகும், யாராவது போனில் எடுத்து மார்ஃபிங் செய்தால் என்ன ஆகும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதும் இருந்தது. இதையெல்லாம் எங்கே பேசுவது? ஊக்குநர் அக்காவே வழி சொன்னார். அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் தீர்மான நோட்டைப் பிரித்தார்கள். சேமிப்பு, கடன் வசூல் எழுதி முடித்த பிறகு, அதே கையெழுத்தில் ஒரு தீர்மானம்: படத்தைப் பொடி லேபிளில் ஒரு வருஷம் போடச் சம்மதம், வேறு எதிலும் போடக் கூடாது, வருஷம் முடிந்தால் மறுபடி கூட்டத்தில் கேட்க வேண்டும், முகத்தை வெளுக்கக் கூடாது. கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது, முதல் நாள் நிறம் கூடுமென்று போடச் சொல்லிச் சண்டை பிடித்த அதே அக்கா.

ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எட்டாவது அக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, திரும்பத் தள்ளிவிட்டார். "மூஞ்சி வேணாம் பாப்பா. கைய வேணா போட்டுக்க." யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதையும் நோட்டில் எழுதினார்கள். அதன் கீழே அவர் கையெழுத்துப் போட்டார். லேபிளின் முன்பக்கத்தில் ஏழு முகங்கள் இருக்கின்றன. நடுவில், சல்லடையின் விளிம்பைப் பிடித்தபடி, பயறு மாவு படிந்த ஒரு கை.